எண்சாண் உடம்பும் ஏழு மில்லிமீட்டரும்

‘எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்’ என்னும் பழமொழியைத் தமிழ் வழங்கும் இடமெங்கும் கேட்கலாம். கேட்போர் அனைவரும் தலையின் சிறப்பையே எடுத்துக்கொள்வர். எண்சாண் என்னும் அளவைப் பொருட்படுத்துவோர் சிலரே. அவரவர் கைச்சாணால் அளக்குமிடத்து அவரவர் உடம்பு ஏறத்தாழ எட்டுச் சாண் இருக்கும் என்பது அதன் கருத்து. நெட்டையர்க்கும் எட்டு, குட்டையர்க்கும் எட்டு. உறுப்புகளின் இசைவைக் காட்ட இவ்வளவை உதவும். வளர்ச்சியைக் காட்ட உதவாது. பிள்ளை வளரும்போது பிள்ளையின் சாணும் உடன் வளர்ந்துவிடுகின்றது அன்றோ? தான் வளராத ஒரு கோலால் அளந்தாலன்றி வளர்வதை அறிய இயலாது.

நம் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியை வேறொரு வகையில் கண்டது. ஐந்தாம் மாதத்தில் தலையசைத்துச் செங்கீரை ஆடுவதும், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டிச் சப்பாணி ஆடுவதும், ஓராண்டு அளவில் தளர்நடையிட்டு வருவதும் பிள்ளைத்தமிழின் பருவங்களாயின. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்வகையில் நூல்கள் பல இயற்றியுள்ளமை இம்மலரின் வாசகர்கள் அறிந்ததே. குழந்தை என்ன செய்கின்றது என்பதை நோக்கும் இம்முறையை இன்றைய குழந்தை மருத்துவரும் கைக்கொள்கின்றனர். ஆயின் அது வளர்ச்சியின் ஒரு பாதி. எவ்வளவு நீண்டுள்ளது என்பது மறுபாதி. தலையசைத்தலையும் தவழ்தலையும் தாயின் கண்ணே கண்டு கொள்ளும். நீளத்தைக் கண் காணாது. நாள்தோறும் பார்க்கும் பிள்ளையின் வளர்ச்சி நின்றுபோனதை நாள்தோறும் பார்ப்பவரே இறுதியில் அறிகின்றனர். கோல் தேவைப்படுவது இதனால்தான்.

அண்மையில் ஒரு பள்ளியின் உடல்நலப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒரு சிறுமியின் பெயருக்கு நேராக முதல் வகுப்பில் 113 சென்டிமீட்டர், இரண்டாம் வகுப்பில் 121, மூன்றாம் வகுப்பில் 118 என எழுதப்பட்டிருந்தது. ஓராண்டில் ஒரு பிள்ளை மூன்று சென்டிமீட்டர் குறுகியதாகப் பதிவேடு சொல்கின்றது. கையொப்பமிட்டவர் எவரும் அதனைக் கேட்கவில்லை. அப்பள்ளியின் சுவரில் ஒட்டியிருந்த அளவுத்தாள் தரையினின்றும் இரண்டு விரற்கடை மேலே தொடங்கியிருந்தது. இதனைக் குற்றமாக எடுத்துரைப்பது நம் நோக்கமன்று. இத்தகைய பதிவேடுகள் நாட்டில் மிகப் பல. அச்சிறுமி உண்மையில் வளர்கின்றாளா, வளர்ச்சி குன்றி நிற்கின்றாளா என்பதை மட்டும் அந்த ஏட்டைக் கொண்டு எவரும் சொல்ல இயலாது. ஏடு எதற்காக உள்ளதோ அப்பணியை அது செய்யவில்லை.

ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்து எழுதிய பழைய பதிவுகளுள் புகழ்பெற்றது பிரான்சு நாட்டில் உள்ளது. கெனோ த மொன்பெயார் என்னும் பெருமகனார் 1759இல் பிறந்த தம் மகனை 1777 வரை ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்து வைத்தார். இயற்கை வரலாற்று அறிஞர் புஃபோன் அதனைத் தம் நூலின் பிற்சேர்க்கையில் வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1927இல், அமெரிக்க அறிஞர் ஸ்கேமன் அவ்வெண்களை மெட்ரிக் அளவிற்கு மாற்றி வரைகோடாக வரைந்தபோது, மனித வளர்ச்சியின் வடிவம் அதில் தெளிவாகத் தெரிந்தது: பிறந்தவுடன் பெருவேகம், பின்னர் விரைவாகத் தணியும் வேகம், சிறுவயதில் நிதானம், வயதுக்கு வரும் காலத்தில் மீண்டும் ஒரு பாய்ச்சல், அதன்பின் நிறைவு. ஒரு தந்தையின் பொறுமையும் ஒரு கோலும் தந்த செல்வம் அது.

அவ்வடிவத்தை எண்களாற் கூறின், பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உள்ள குழந்தை முதலாண்டில் 25 சென்டிமீட்டரும், இரண்டாம் ஆண்டில் 12 சென்டிமீட்டரும் வளர்கின்றது. நான்கு வயதிற்குப் பின் பருவமடையும் காலம் வரை ஆண்டுக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வரை என்பது பொதுக்கணக்கு. ஆண்டிற்கு ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டிய பிள்ளையை மூன்று சென்டிமீட்டர் பிழையுடன் அளப்பது, அரைக்கால் படி அரிசியை அரைக்கால் படி கல்லோடு சேர்த்து நிறுப்பது போன்றதாம்.

எடை இருக்க உயரம் எதற்கு என வினவுவோர் உளர். எடை ஏறியிறங்கும் தன்மையது. நான்கு நாள் வயிற்றுப்போக்கில் இறங்கும். இரண்டு வாரம் நன்கு உண்டால் ஏறிவிடும். உயரம் ஒருபோதும் இறங்குவதில்லை. ஏறாமல் நின்றுவிடும், அவ்வளவே. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊட்டம் குறைந்ததும், நோய் மீண்டும் மீண்டும் வந்ததும் உயரத்தில் பதிந்துவிடுகின்றன. கன்னம் உப்பிப் பார்வைக்குக் கொழுகொழுவென்று தோன்றும் பிள்ளையும் வயதிற்குரிய உயரம் குன்றியதாய் இருக்கக்கூடும். எடையை மட்டும் பார்ப்பவர் அப்பிள்ளையை நலமுடையது என்றே எழுதிக்கொள்வர்.

‘கட்டையாய் இருப்பது எங்கள் குடும்ப வாகு’ என்று பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அதில் உண்மையும் உண்டு. தந்தை தாய் இருவர் உயரத்தையும் கூட்டிப் பாதியாக்கி, ஆண்பிள்ளைக்கு ஆறரை சென்டிமீட்டர் கூட்டியும் பெண்பிள்ளைக்கு ஆறரை சென்டிமீட்டர் குறைத்தும் மருத்துவர் ஒரு மதிப்பு காண்பர். பிள்ளை வளர்ந்து முடிந்தபின் அதனையொட்டி நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆயினும் தாயும் தந்தையுமே தம் இளமையில் போதிய உணவின்றி வளர்ந்தவராயின், குடும்ப வாகு என்பது குடும்பத்தின் வறுமை வரலாறாகவும் இருக்கலாம்.

இவ்வையத்தைத் தீர்க்கும் பெரும் ஆய்வொன்றை உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை நடத்தியது. பிரேசிலில் பெலோட்டாசு, கானாவில் அக்ரா, இந்தியாவில் தெற்கு டெல்லி, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிசு ஆகிய ஆறு இடங்களில் எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அளக்கப்பட்டனர். தாய்ப்பால் உண்டு, புகைபிடிக்காத தாயரிடம், வறுமைத் தடையின்றி வளர்ந்த குழந்தைகள் அவர்கள். நிறமும் மொழியும் உணவும் வேறுவேறாயினும் ஆறு இடத்துக் குழந்தைகளும் நீளத்தில் வியக்கத்தக்க அளவு ஒத்து வளர்ந்தனர். நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் இடத்திற்கு இடம் அமைந்தது ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்கே. பெரும்பங்கு ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்கிடையே அமைந்தது. நம் சமுதாயத்தார் பலர் பொருளீட்டச் சென்ற மஸ்கட்டின் குழந்தையும், நம் நாட்டு டெல்லிக் குழந்தையும், ஆஸ்லோக் குழந்தையும் ஐந்து வயது வரை ஒரே கோட்டில் வளர வல்லன என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இவ்வாய்வின் பயனாக 2006இல் வெளிவந்த வளர்ச்சித் தரநிலைகளையே இன்று நம் அங்கன்வாடிகளும் பின்பற்றுகின்றன.

அத்தரநிலைப்படி ஐந்து வயது நிறைந்த ஆண்பிள்ளையின் நடு உயரம் 110.0 சென்டிமீட்டர், பெண்பிள்ளைக்கு 109.4. நலமுடைய நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரே தாழ்ந்து நிற்கும் எல்லை ஒன்று உண்டு. அது ஆண்பிள்ளைக்கு 100.7, பெண்பிள்ளைக்கு 99.9. அவ்வெல்லைக்குக் கீழ் நிற்கும் பிள்ளை ‘வளர்ச்சி குன்றியது’ எனக் கொள்ளப்படும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதிற்குட்பட்டோரில் இத்தகைய குழந்தைகள் 2005–06இல் நூற்றுக்கு 48 பேர், 2019–21இல் 35.5. தமிழ்நாட்டில் 2019–21இல் நூற்றுக்கு 25 பேர். அதாவது நால்வரில் ஒருவர்.

இக்கணக்கெடுப்பின் வரலாற்றில் நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. 1992–93இல் நடந்த முதற் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் குழந்தைகளின் உயரம் அளக்கப்படவே இல்லை. காரணம் பெரிதன்று, அளக்கும் பலகைகள் அப்போது கைக்கு வந்து சேரவில்லை! 1980 முதல் ஊட்டச்சத்துத் திட்டத்தின் கீழ் ஊர்தோறும் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டுப் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டிய தமிழகத்தின் பிள்ளைகள், பலகை இன்மையால் அந்த ஆண்டு உயரமற்றவராயினர். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும் நெடுங்காலம் எடையையே நம்பியது. 2018இல் தொடங்கிய போஷண் அபியான் திட்டத்திற்குப் பின்னரே உயரம் அளக்கும் கருவிகள் அங்கன்வாடிகளுக்குப் பரவலாகச் சென்றன. கருவி வந்துவிட்டது. கையாளும் முறை உடன் வந்ததா என்பதே இனிக் காண வேண்டுவது.

முறையின் முதற்கூறு, படுக்க வைத்து அளப்பதா, நிற்க வைத்து அளப்பதா என்பது. இரண்டு வயது நிறையாத குழந்தையைப் படுக்க வைத்தும், நிறைந்த குழந்தையை நிற்க வைத்தும் அளத்தல் வேண்டும். நிற்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் உடம்பின் பாரத்தால் சற்று அமுங்குவதால் ஒரே குழந்தை படுக்கையில் நீண்டும் நிற்கையில் குறுகியும் காணும். அவ்வேறுபாடு 0.7 சென்டிமீட்டர், அதாவது ஏழு மில்லிமீட்டர், எனத் தரநிலை கொள்கின்றது. இரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளை படுக்க மறுத்து அழுதால் நிறுத்தி அளந்து 0.7 கூட்ட வேண்டும். மூத்த பிள்ளை நிற்க இயலாவிடில் படுக்க வைத்து அளந்து 0.7 கழிக்க வேண்டும்.

ஏழு மில்லிமீட்டருக்கு இத்தனை ஆரவாரமா எனத் தோன்றலாம். சரியாக இரண்டு வயது நிறைந்த ஒரு பெண்குழந்தையைப் படுக்க வைத்து அளந்தபோது 79.6 சென்டிமீட்டர் இருந்ததாகக் கொள்வோம். படுத்த நிலைக்குரிய எல்லை 80.0 ஆதலின் அக்குழந்தை வளர்ச்சி குன்றியது. பணியாளர் அதே எண்ணை நின்ற நிலை உயரமென எழுதிவிட்டால், அந்நிலைக்குரிய எல்லை 79.3 ஆதலின், குழந்தை நலமுடையதாகிவிடும். குழந்தை மாறவில்லை, எண்ணும் மாறவில்லை, எழுதிய கட்டம் மாறியது. கூடுதல் சத்துணவும் மருத்துவரின் பார்வையும் அக்குழந்தைக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்தக் கட்டத்தைப் பொறுத்தது.

படுக்க வைத்து அளக்கும் பலகைக்கு இருவர் வேண்டும். தலைப்பக்கத்துப் பலகை அசையாதது. ஒருவர், பெரும்பாலும் தாய், குழந்தையின் உச்சி அப்பலகையில் படும்படி இருகைகளாலும் தலையைப் பற்றிக்கொள்ள வேண்டும். மற்றவர் முழங்கால்களை மெல்ல அழுத்திக் கால்களை நீட்டி, நகரும் பலகையை உள்ளங்கால்களில் பொருத்திப் படிக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்ய முயன்றால் தலை விலகும் அல்லது முழங்கால் மடங்கும். தலை விலகினால் நீளம் கூடியும், முழங்கால் மடங்கினால் குறைந்தும் காணும். படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளராது என்னும் நம்பிக்கையால் சில பாட்டிமார் இப்பலகையைக் கண்டே அஞ்சுவர். அவர்களையே தலைப்பக்கம் அமர்த்திவிட்டால் அச்சமும் தீரும். அவர்கள் பிடியும் உறுதியாக இருக்கும்.

நிற்க வைத்து அளக்கும்போது காலணி, காலுறை ஆகியவற்றை நீக்கித் தட்டையான தரையில் சுவரையோ கருவியின் செங்குத்துப் பலகையையோ ஒட்டிப் பிள்ளையை நிறுத்துதல் வேண்டும். குதிகால், கெண்டைக்கால், பிட்டம், தோட்பட்டை, பின்தலை ஆகிய ஐந்தும் பலகையில் படுதல் நன்று. பருத்த பிள்ளைகளுக்கு ஐந்தும் படாவிடினும் உடம்பு நேராக இருத்தல் வேண்டும். குதிகால் எழும்பலாகாது. பிள்ளைகள் உயரமாகத் தோன்ற விரும்பி முகவாயை மேலே தூக்குவது இயல்பு; தூக்கினால் உயரம் கூடாது, குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத்துளையின் மேல்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க வேண்டும் என்பது நெறி. 1884இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் உடலளவை அறிஞர்கள் வகுத்துக்கொண்டமையின் அது பிராங்க்பர்ட் தளம் எனப் பெயர் பெற்றது.

தொப்பி, கொண்டை, உச்சியில் முடிந்த சடை, பூச்சரம் ஆகியவற்றை நீக்கிய பின்னரே தலைப்பலகையை இறக்கி, முடி அமுங்குமளவு அழுத்த வேண்டும். மேல் வகுப்பு மாணவியர் முக்காட்டை நீக்கக் கூசுவராதலின், பெண் ஆசிரியரைக் கொண்டு தனியறையில் அளப்பதே முறை. முக்காட்டின் மேலேயே பலகையை இறக்கிவிட்டு ‘ஒரு சென்டிமீட்டர் கழித்துக்கொள்ளலாம்’ என்பது அளவையாகாது. படிப்பவரின் கண் அளவுக்கோட்டிற்கு நேராக இருத்தல் வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் ஓர் எண், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் வேறோர் எண் தோன்றும். மில்லிமீட்டர் வரை எழுத வேண்டும். 110, 115, 120 என்று முழு எண்களாகவே நிறைந்திருக்கும் ஏடு கண்மதிப்பில் எழுதப்பட்டது என்று அறியலாம்.

இருமுறை அளத்தல் இன்றியமையாதது. முன்சொன்ன ஆறு நாட்டு ஆய்வில் இருவர் ஒரே பிள்ளையைத் தனித்தனியே அளந்தனர். இருவர் எண்களும் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மீண்டும் அளந்தனர். தேர்ந்த பயிற்சி பெற்றவர்க்கே அந்த விதி தேவைப்பட்டதெனின் நமக்குத் தேவைப்படாதா? இங்கிலாந்தில் 1940களின் இறுதியில் டேனர் தொடங்கிய ஆர்ப்பெண்டன் ஆய்வில் வைட்அவுஸ் என்பார் ஒருவரே ஏறத்தாழ இருபதாண்டுகள் அப்பிள்ளைகளை அளந்து வந்தார். கை மாறினால் அளவு மாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு உண்டு. பகல் முழுதும் நின்றும் நடந்தும் ஓடியும் திரிந்த பிள்ளை மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவு குறுகக்கூடும். உறங்கி எழுந்தால் மீண்டுவிடும். சென்ற ஆண்டு காலை வணக்கத்திற்குப் பின் அளந்த வகுப்பை இவ்வாண்டு விளையாட்டு வேளைக்குப் பின் அளப்பது பொருந்தாது.

கோல் சரியாயினும் வயது பிழையாயின் பயனில்லை. இவ்வகையில் நம் நாட்டு வழக்கங்கள் சில இடர் தருவன. ‘ஐந்து நடக்கிறது’ என்றால் நான்கு நிறைந்தது என்று பொருள். ‘ஐந்து’ என்று மட்டும் எழுதிக்கொள்பவர் பிள்ளைக்கு ஓராண்டைக் கூட்டிவிடுகின்றார். முற்காலத்தில் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் பள்ளியிற் சேர்த்தனர். ஆசிரியர் விரும்பிய தேதியே பிறந்த நாளாயிற்று. உடம்பைக் கொண்டு வயதைக் கணித்த அம்முறையில், வயதைக் கொண்டு உடம்பை மதிப்பிட இடமேது?

நம் இல்லங்களில் மற்றொன்றும் உண்டு. ‘ரமலான் இருபத்தேழாம் நாள் பிறந்தவன்’ எனப் பிறந்த நாளை ஹிஜ்ரி மாதத்தில் நினைவிற்கொள்ளும் மூதாட்டியர் உளர். நினைவு பிழையன்று; கணக்கே வேறு. சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. ஹிஜ்ரிக் கணக்கில் ஐந்து நிறைந்த பிள்ளை, வளர்ச்சி அட்டையின் கணக்கில் ஐந்து நிறைய இன்னும் ஐம்பத்து நான்கு நாள் உண்டு. அந்நாட்களில் அப்பிள்ளை வளர வேண்டியது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு இருபத்திரண்டு நாள்; அவ்வயதின் வேகத்தில் அதற்குரிய வளர்ச்சி மீண்டும் நம் ஏழு மில்லிமீட்டரை ஒட்டியதே. பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைக் கொள்வதே நன்று. அது இல்லாவிடில் ஹிஜ்ரி தேதிக்கு நேரான ஆங்கிலத் தேதியை அவ்வாண்டு நாட்காட்டியில் கண்டு எழுதலாம்.

இத்தனை நுணுக்கமும் எதன்பொருட்டு எனில், வளர்ச்சி தணிவதே சில நோய்களின் முதல் அடையாளமாக இருப்பதன்பொருட்டு. தைராய்டு சுரப்புக் குறைந்த பிள்ளை எடை கூடிக்கொண்டே இருக்கும், உயரம் நின்றுவிடும். வீட்டார் அதனைச் செழிப்பு என்றெண்ணுவர். நாளொரு மாத்திரையால் திருத்தக்கூடிய குறை அது. டர்னர் குறைபாடு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. இரண்டாயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒருவரிடம் காணப்படும். பலரிடம் பள்ளிப்பருவத்தில் உயரக்குறைவன்றி வெளிப்படையான வேறு குறி தெரிவதில்லை. வளர்ச்சிச் சுரப்புக் குறைவு, குடலில் உணவு ஏற்காமை, சிறுநீரக நோய் என இவ்வரிசை நீளும்.

இவற்றிற்குக் காலவரையறை உண்டு என்பதே கவலைக்குரியது. எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டுகள் மூடிக்கொண்டபின் எம்மருந்தாலும் உயரம் கூடாது. பெண்பிள்ளைகள் பூப்பெய்தியபின் சராசரியாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டரே வளர்கின்றனர். பாய்ச்சலின் பெரும்பகுதி அதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. நம் வீடுகளிலோ பெண்ணின் உயரம் பற்றிய பேச்சு திருமணப் பேச்சோடுதான் எழுகின்றது. பதினெட்டு வயதில் அழைத்துச் செல்லப்படும் பெண்ணுக்கு மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. எட்டு வயதில் அவள் வரைகோடு வளைந்ததைக் கண்டிருந்தால் செய்யக்கூடியது மிகுதி. ஒரே ஒரு முறை அளந்து ‘குள்ளம்’, ‘நெட்டை’ என்று முத்திரை இடுவதைவிட, கோடு தன் வழியே செல்கின்றதா, வழி விலகித் தாழ்கின்றதா என்பதை நோக்குவதே அறிவுடைமை. கோட்டின் கீழ்ப்பகுதியிலேயே ஒழுங்காக வளரும் பிள்ளையைவிட, மேலிருந்து மெல்லச் சரியும் பிள்ளையே மருத்துவர் கவனத்திற்கு முதலில் உரியது.

கருவி இல்லாத வீட்டில் இதனைச் செய்ய இயலுமா எனின், இயலும். அடிக்கட்டு புடைத்திராத நேரான சுவர், விரிப்பில்லாத தரை, இரும்பு அளவுநாடா, கெட்டி அட்டையிட்ட தடித்த நூல் ஒன்று ஆகியன போதும். நூலின் ஒரு பக்கம் சுவரில் முழுதும் படிய, அடிப்பக்கம் தலையில் அமர, அதன் கீழ்விளிம்பில் கோடிட வேண்டும். தலைமேல் பென்சிலை வைத்துக் கோடிடும் வழக்கத்தைக் கைவிடுதல் நன்று. பென்சில் சாயும் பக்கமெல்லாம் பிள்ளை வளரும். தரையினின்று கோடு வரை இருமுறை அளந்து, நாள், திங்கள், ஆண்டு மூன்றையும் எழுதி, அளந்தவர் பெயரையும் குறிக்க வேண்டும். தையல் நாடா நாளடைவில் நீண்டுவிடுமாதலின் ஆகாது.

ஆர்வத்தால் மாதந்தோறும் அளப்போரும் உளர். பள்ளி வயதுப் பிள்ளை மாதத்திற்கு அரை சென்டிமீட்டர் வளர்கின்றது. நல்ல கையும் அரை சென்டிமீட்டர் பிழைபடக்கூடும். மூன்று மாத வளர்ச்சியாகிய ஒன்றரை சென்டிமீட்டரில் இரண்டு அளவைகளின் பிழையும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டரை விழுங்கிவிடலாம். எனவே ஐந்து வயது கடந்த பிள்ளைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை, அதே சுவரில், அதே வேளையில், கூடுமாயின் அதே கையால் அளப்பது போதும். ஆண்டிற்கு நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்திருப்பின், மறுமுறை அளந்து உறுதி செய்துகொண்டு, பழைய எண்கள் அனைத்தையும் எழுதிய தாளுடன் குழந்தை மருத்துவரிடம் செல்க.